பருவத்துக் காய் தின்னவும் நிலம் வேண்டும்

மார்கழி பிறந்ததும் வாட்ஸ்அப்பில் அறிவுரை வந்துவிடுகிறது. அந்தந்தப் பருவத்தில் விளைவதைச் சாப்பிடுங்கள். மொச்சை, அவரை, சர்க்கரைவள்ளி, நெல்லிக்காய். நம் முன்னோர்கள் அப்படித்தான் வாழ்ந்தார்கள். காய்களைப் பற்றிச் சொல்வது சரிதான். நாட்டு அவரையும் மொச்சையும் ஆடியில் விதைத்தாலும் பகல் பொழுது குறையும்போதுதான் பூக்கும். மார்கழி, தையில் அவற்றுக்கு இருக்கும் ருசி வேறு. ‘நம் முன்னோர்’ என்பதுதான் எனக்கு இடிக்கிறது. யாருடைய முன்னோர்?

எங்களுடையது செங்கல்பட்டு மாவட்டத்தில் ஏரிப்பாசனக் கிராமம். ஊர்த்தெருவில் வீட்டுக்கு வீடு தோட்டத்தில் அவரைப் பந்தல் இருக்கும். சேரியில் பந்தல் போட இடம் ஏது? இரண்டு கூரைகளுக்கு நடுவே மழைத்தண்ணீர் ஓடத்தான் சந்து. யாராவது கூரைமேல் பரங்கிக்கொடி ஏற்றிவிட்டால், அது காய்க்கும்போது தெருவே பங்கு போட்டுக்கொள்ளும்.

பருவ உணவு எங்களுக்கும் இருந்தது. பெரும்பாலும் அது நாங்கள் விதைத்தது அல்ல, பொறுக்கியது. சம்பா வயலில் களையெடுத்துவிட்டு வரும் அம்மா, ஆயா, அத்தை எல்லோர் மடியிலும் கீரை இருக்கும். சேற்றில் படரும் ஆரைக்கீரை, வரப்போரத்துப் பொன்னாங்கண்ணி, மேட்டில் பண்ணைக்கீரை. எதைப் பருப்போடு கடைய வேண்டும், எதைப் பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கலாம் என்பதெல்லாம் ஆயாவுக்கு அத்துப்படி. ஏரிக்கரையில் இலந்தைப்பழம். பனங்கொட்டையைப் பாத்தி கட்டிப் புதைத்தால் பொங்கலுக்குக் கிழங்கு. வயல் நண்டும் நத்தையும்கூட அந்தப் பருவத்து உணவுதான். வாட்ஸ்அப் பட்டியலில் அவை மட்டும் வராது.

பொங்கல் குழம்புக்கான மொச்சையும் கருணையும்தான் சிக்கல். காசு இல்லாத வருடம் வேலை செய்யும் வீட்டில் கேட்க வேண்டும். “ஏண்டி, ஒங்க தெருவுலயும் கூட்டுக் கொழம்பா?” என்று சிரித்துக்கொண்டே, கை பட்டுவிடாமல் உயரத்திலிருந்து அம்மாவின் முந்தானையில் போடுவார்கள். கீழே சிதறியதைப் பொறுக்கியது நான். முற்றல், பூச்சி அரித்தது. அதிலும் குழம்பு நன்றாகத்தான் இருந்தது. அம்மாவின் கை அப்படி.

இப்போது வயலில் களைக்கொல்லி அடிக்கிறார்கள். பெண்களின் களையெடுப்புக் கூலியும் போனது, மடியில் வந்த கீரையும் போனது. கூலி போனதைக் கூட்டங்களிலாவது பேசுகிறோம். கீரையை எந்தக் கணக்கிலும் யாரும் எழுதவில்லை. ரேஷன் அரிசி எங்கள் வயிற்றைக் காத்தது, மறுக்கவில்லை. ஆனால் ரேஷனில் அவரைக்காய் போடுவதில்லை. அதே பொன்னாங்கண்ணியை நகரத்து ஆர்கானிக் கடையில் கட்டுக் கட்டாக அடுக்கியிருக்கிறார்கள், பக்கத்தில் ‘பாரம்பரிய உணவு’ என்று ஒரு பலகை.

பாரம்பரியம் பேசுகிறவர்கள் நிலத்தைப் பற்றியும் பேச வேண்டும். இதே செங்கல்பட்டில் ஆட்சியராக இருந்த திரமென்ஹீர், தாழ்த்தப்பட்டோருக்கு நிலம் இல்லாமல் விடிவில்லை என்று 1891இல் அறிக்கை எழுதினார். 1892இல் ஆணை வந்தது. ஏறத்தாழ 12 லட்சம் ஏக்கர் என்கிறார்கள். பத்து ஆண்டுகளுக்கு விற்கக் கூடாது, அதன் பிறகும் தாழ்த்தப்பட்டோருக்கு மட்டுமே விற்கலாம் என்பது நிபந்தனை. இருந்தும் பெரும்பகுதி கைமாறிவிட்டது. காரணை பஞ்சமி நிலத்துக்கான போராட்டத்தில் 1994இல் ஜான் தாமசும் ஏழுமலையும் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிரைக் கொடுத்தார்கள்.

எங்கள் ஊரிலும் ஒரு பஞ்சமி நிலம் உண்டு. இன்று அதில் வேறொருவர் கம்பிவேலி போட்டிருக்கிறார். சர்வே எண்ணைத் தேடிப் பிடித்து, தெருப் பெண்கள் எல்லோரும் கையெழுத்துப் போட்டு மனு கொடுத்திருக்கிறோம். பதில் வரவில்லை. அதற்குள் அத்தை, வேலிக்கு அந்தப் பக்கம் அவரைப் பந்தல் எந்த மூலையில் என்று தீர்மானித்துவிட்டாள். விதைகூட எடுத்து வைத்திருக்கிறாளாம், சாம்பலில் புரட்டி.