ஒரு சொட்டு சொன்ன சேதி



மெக்கானிக்கல்காரர்களுக்கு லேத். சிவில்காரர்களுக்கு செயின் சர்வே. பயோமெடிக்கல் பிரிவில் படிக்கும் எங்களுக்கோ உடற்கூறு, உடலியல் ஆய்வுக்கூடம். "உங்க லேப்ல ரத்தம் எடுப்பாங்களாமே?" என்று கேன்டீனில் கேட்காத ஆள் இல்லை. ஆமாம், எடுப்போம். அதுவும் எங்க ரத்தத்தையே!

நாளைக்கு மருத்துவமனைக் கருவிகளைப் பழுது பார்க்கப் போகிறவர்களுக்கு, அந்தக் கருவி எதை அளக்கிறது என்று தெரிய வேண்டாமா?

முதல் வாரம் ரத்த வகை. 1901-ல் கார்ல் லான்ட்ஸ்டெய்னர் உலகுக்குச் சொன்ன விஷயம். ஸ்லைடில் மூன்று சொட்டு ரத்தம். நீல நிற ஆன்ட்டி-ஏ, மஞ்சள் நிற ஆன்ட்டி-பி, நிறமில்லாத ஆன்ட்டி-டி. எதில் திரிந்த பால் மாதிரி கட்டி கட்டியாகிறதோ, அதை வைத்து வகையைச் சொல்லிவிடலாம். நான் பி பாசிட்டிவ். அன்று ஒரே கும்மாளம்.

அடுத்த வாரம் ஹீமோகுளோபின். ஸாலி முறை. குழாயில் 20 என்ற கோடு வரை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம். மோதிர விரலில் ஸ்பிரிட் தடவி, ஆளுக்கொரு புது ஊசியால் ஒரு குத்து. முதல் சொட்டைத் துடைத்துவிட வேண்டும். "விரலைப் பிழியாதீங்க, திசு நீர் கலந்து அளவு குறைச்சுக் காட்டும்" என்றார் மேடம். 0.02 மில்லி ரத்தத்தை அமிலத்தில் விட்டு 10 நிமிஷம் காத்திருந்தால் பழுப்பாகும். பிறகு காய்ச்சி வடித்த நீரைச் சொட்டுச் சொட்டாக விட்டு, பக்கத்திலுள்ள கண்ணாடியின் நிறத்தோடு ஒத்துப் பார்க்க வேண்டும்.

எனக்குச் சீக்கிரமே நிறம் ஒத்துப்போய்விட்டது. 8.6 கிராம்! பெண்களுக்கு 12-க்குக் குறைந்தாலே ரத்தசோகை. மேடம் தானே மறுபடி செய்து பார்த்தார். அதே அளவு.

"காலையில சாப்பிட்டியாம்மா?"

"ஆறு மணி பஸ் மேடம்... டீ மட்டும்தான்."

"நம்ம லேப் கணக்கு ரிப்போர்ட் ஆகாது. ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் பாரு. அம்மாவையும் கூட்டிட்டுப் போ."

அம்மா சித்தாள் வேலைக்குப் போகிறவர். "எனக்கென்னடி வியாதி? போடி, ஒரு நாள் கூலி போயிடும்" என்றார். இழுத்துக்கொண்டுதான் போனேன். அங்கே எனக்கு 8.9. அம்மாவுக்கு 7.2! மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவதை 'வயசாச்சு' என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்கு வயது 41.

அன்றிரவுதான் கணக்குப் போட்டேன். எங்கள் வீட்டில் முதலில் அப்பா சாப்பிடுவார். முட்டை தம்பிக்கு. அப்புறம் நான். கடைசியில் சட்டியில் மிஞ்சியது அம்மாவுக்கு. யாரும் கெட்டவர்கள் இல்லை, வழக்கம் அப்படி! ஸாலி குழாய் இந்த வழக்கத்தைத்தான் அளந்து காட்டியது.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டுமல்ல. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு ரத்தசோகை.

சிஸ்டர் கொடுத்தது பூச்சி மாத்திரையும் இரும்புச் சத்து மாத்திரையும். காசு இல்லை. "சாப்பாட்டோட டீ குடிக்காதீங்க, இரும்புச் சத்து உடம்புல சேராது. எலுமிச்சை, நெல்லிக்காய் சேத்துக்குங்க" என்றார். முருங்கைக் கீரைக்குப் பஞ்சமா? மரம் வாசலிலேயே நிற்கிறது. இப்போது தம்பியே முட்டையைப் பாதியாக்கி அம்மா தட்டில் வைக்கிறான். மூன்று மாதத்தில் எனக்கு 11.2, அம்மாவுக்கு 9.8. இன்னும் ஏற வேண்டும், ஏறும்.

தோழியரே, தலைசுற்றலையும் அசதியையும் 'பரீட்சை டென்ஷன்' என்று தள்ளிவிடாதீர்கள். ஒரு முறை பரிசோதித்துப் பாருங்கள். தோழர்களே, உங்களுக்கும் 13 இருக்க வேண்டும். அதோடு ஒரு வேண்டுகோள்: இன்று இரவு உங்கள் வீட்டில் கடைசியாகச் சாப்பிடுவது யார், அவர் தட்டில் என்ன இருக்கிறது என்று மட்டும் எட்டிப் பாருங்கள். இதற்கு ஊசி கூடத் தேவையில்லை!