ஆற்றங்கரைப் பலகைகள்

ஆற்றில் இறங்க வருபவன் முதலிற் காண்பது நீரையே; பலகையை அன்று. இதனை உணராது நாட்டப்பட்ட பலகைகளே நம் நாட்டு ஆற்றங்கரைகளில் மிகுதி எனலாம். துவாயைத் தோளிலிட்டு இறுதிப் படிக்கு வந்துவிட்டவன் முன் நிற்கும் எச்சரிக்கை காலங்கடந்தது. அவன் மனம் ஏற்கெனவே நீரில் மூழ்கிவிட்டது. வீதியிலிருந்து ஒற்றையடிப்பாதை பிரியுமிடத்தில், திரும்பிச் செல்லும் எண்ணத்திற்கு இன்னும் இடமுள்ள இடத்தில், முதற் பலகை நிற்றல் வேண்டும்.

பேராதனையில் மகாவலி பல்கலைக்கழக வளவினூடே ஓடுகின்றது. தெளிந்த வானமும் முழங்காலளவு நீரும் கண்டு நடுவாற்றுப் பாறைக்குச் செல்பவனை அவை எளிதில் ஏமாற்றிவிடும். மேலே, கொத்மலை ஓயாவின் குறுக்கே 1985இல் நிறைவெய்திய அணை உண்டு. அதன் வான்கதவுகள் திறக்கப்படின், இங்கு ஒரு துளி மழையின்றியும் நீர் உயரும். கரையிற் பிறந்து வளர்ந்தோர் இதனை அறிவர். மாரியில் மட்டும் ஓடும் வழுக்கியாற்றையன்றி வேறோர் ஆற்றைக் காணாது, கிணற்றடியிலும் கேணியிலும் குளித்துப் பழகிய யாழ்ப்பாணத்து மாணவன் எங்ஙனம் அறிவான்? ‘அபாயம்’ என்ற ஒற்றைச் சொல் அவனுக்கு எதனையும் கற்பிப்பதில்லை. ‘மேலே அணை உண்டு. மழையின்றியும் நீர் உயரும். நீர் கலங்கினாலோ சருகுகள் திரளாக மிதந்து வந்தாலோ உடனே கரையேறுக’ என்னும் மூன்று வாக்கியங்கள் கற்பிக்கும். காரணம் அறிந்தவனே விலக்கை மதிப்பான்.

1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. ஆயினும் பலகைத் தமிழின் நிலை யாவரும் அறிந்ததே. ஈண்டு எழுத்துப்பிழை நகைப்பிற்குரிய பொருளன்று. தமிழில் மறுப்பு வினையின் நடுவே ஒளிந்து நிற்பது; ‘இறங்காதீர்’ என்பதில் இடையெழுத்தின் வண்ணம் உதிர்ந்தால் விலக்கே மறைந்துவிடும். ஆதலின் ‘ஆழம்’, ‘சுழி’ என்னும் பெயர்ச்சொற்களை முதலிற் பெரிதாக எழுதுவதே தக்கது. (தமிழ்த்துறையினர் நீர்த்துறைக்கும் சற்றே உதவலாம்!)

இன்னொன்று: துறைதோறும் பலகைக்கு ஓர் இலக்கமும் இடத்தின் பெயரும் வேண்டும். நோயாளர் காவுவண்டிக்கு 1990 என்ற இலக்கத்தை அழைப்பவன் பதற்றத்தில் ‘ஆற்றங்கரையில்’ என்று மட்டுமே சொல்வான். எக்கரை? நீரோடும் திசையை நோக்கி நிற்பவனின் இடப்புறம் இடக்கரை, வலப்புறம் வலக்கரை. இதனை அம்புக்குறியோடு பலகையிலேயே வரைந்துவிடலாம்.

இவை யாவற்றிலும் எளியது வேறொன்றுண்டு. பெருவெள்ளம் ஏறிய மட்டத்தைப் படித்துறையருகே ஒரு தூணிற் கோடாக வரைந்து, ஆண்டையும் பொறித்தல். எழுத்தறியாக் குழந்தையும் தூணருகே நின்று, தன் தந்தையின் தலைக்கு மேலே தெரியும் அக்கோட்டை அண்ணாந்து பார்க்கும்.