ஒரு செடியை நம்பிய வண்ணாத்திப்பூச்சி



2023 மே மாதம் பெண்களின் கைப்பணிக் கூட்டுறவு பற்றிய பயிற்சி ஒன்றுக்காக எகிப்து சென்றிருந்தேன். முடிவில், சினாய்ப் பாலைவன மலைகளிடையே உள்ள புனித கத்தரீன் என்னும் ஊருக்கு எங்களை அழைத்துப் போனார்கள். கெய்ரோவிலிருந்து பஸ்ஸில் நெடும்பயணம். வழியெல்லாம் மணலும் கல்லும். எகிப்தின் மிக உயர்ந்த மலை அங்கேதான் இருக்கிறது; 2,600 மீற்றருக்கு மேல்.

"இந்தக் கல்லில் எது வாழும்?" என்று கேட்டேன். வழிகாட்டியாக வந்த ஜபலியா இனத்துப் பெண் சிரித்தார். கைத்தையல் விற்றுக் குடும்பம் நடத்துபவர் அவர். மலைச்சரிவில் கணுக்கால் உயரச் செடி ஒன்றின் இலையைக் கசக்கித் தந்தார். ஓம வாசனை. எங்கள் துளசியின் குடும்பம்தான் அது. பெயர் சினாய்த் தைம். அதிலிருந்து பெருவிரல் நகத்தளவான நீல வண்ணாத்திப்பூச்சி ஒன்று எழும்பிப் பறந்தது.

உலகிலேயே மிகச் சிறிய வண்ணாத்திப்பூச்சிகளில் ஒன்றான இதற்கு 1975 இல்தான் அறிவியல் பெயர் கிடைத்தது. இந்த மலைகளைத் தவிர வேறெங்கும் இது இல்லை. புழு அந்தச் செடியின் மொட்டையும் பூவையும் மட்டுமே தின்னும். புழு சுரக்கும் இனிப்பு நீருக்காக எறும்புகள் அதைக் காவல் காக்கும். பிறகு கூட்டுப்புழுவாகி அடுத்த வசந்தம்வரை காத்திருக்கும்.

1988 முதல் இது பாதுகாக்கப்பட்ட பிரதேசம். ஆனாலும் வரட்சி, மேய்ச்சல், மருந்துக்காகப் பிடுங்குதல் என்பவற்றால் செடி குறைகிறது. வெப்பம் கூடினால் செடி மேலே ஏறவேண்டும். உச்சிக்கு மேலே ஏது இடம்?

1967 யுத்தத்தில் இஸ்ரேலிடம் போன இம்மலைகள், 1979 சமாதான உடன்படிக்கைக்குப் பின்னரே எகிப்துக்குத் திரும்பின. "அம்மா காலத்தில் இரண்டு தரம் ஆட்சி மாறியது. நாங்கள் ஆடுகளோடு இங்கேயே இருந்தோம். செடியை வேரோடு பிடுங்காதே என்றுதான் அம்மா சொல்லித் தந்தார்" என்றார் அவர்.

எனக்கு 2010 நினைவுக்கு வந்தது. மீள்குடியேறிய ஓர் அம்மா, தறப்பாள் கொட்டிலுக்குக் கூரை சரியாகுமுன்பே கறிவேப்பிலைக் கன்றுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். "முதலில் வீட்டைப் பாருங்கோ அம்மா" என்றேன். "இதுவும் வீடுதான் பிள்ளை" என்றார். புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்த எனக்கு அது விளங்கவில்லை. என் படிவத்தில் அதை எழுத இடமும் இருக்கவில்லை.

இப்போது விபரம் எடுக்கப் போனால், கூரையோடு கிணறு, மரம், செடி பற்றியும் கேட்டு எழுதுகிறேன். உங்களிடம் வருபவர்கள் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள், சகோதரிகளே.