எச்சில் ஜாதகம்

பாஸ்வேர்டு திருடு போனா மாத்திக்கலாம். கார்டு நம்பர் போனா பேங்குக்கு போன் போட்டு பிளாக் பண்ணிட்டு புதுசு வாங்கிக்கலாம். டிஎன்ஏ போனா? ஆறு வருஷமா பொட்டி தட்டுற பொழப்பு, அடுத்தவங்க டேட்டாவோடதான் குடித்தனம். ஆனா இந்தக் கேள்விக்கு மட்டும் என்கிட்ட பதில் இல்லை.

அமெரிக்காவுல '23 அண்ட் மீ'ன்னு ஒரு கம்பெனி. குழாயில எச்சில் துப்பி அனுப்பினா பூர்வீகம் என்ன, தூரத்துச் சொந்தம் யாரு, எந்த வியாதிக்கு வாய்ப்புன்னு சொல்லுவாங்க. 2023ல, வேற சைட்டுகள்ல களவு போன பாஸ்வேர்டுகளை வெச்சு அங்கே புகுந்தாங்க. நேரடியா திறந்தது சுமார் 14,000 கணக்குதான். வெளியே போனதோ கிட்டத்தட்ட 69 லட்சம் பேரோட விவரம்! சொந்தக்காரங்களைக் காட்டுற வசதி ஒண்ணு இருந்ததே, அது வழியா. பூட்டை ஒழுங்கா போட்டவனும் மாட்டினான், ஒண்ணுவிட்ட அண்ணன் புண்ணியத்துல.

2025 மார்ச்சில் அந்தக் கம்பெனி திவால் மனு கொடுத்தது. சுமார் ஒன்றரைக் கோடி வாடிக்கையாளர்களோட மரபணு விவரமும் சொத்துப் பட்டியல்ல சேர்ந்து ஏலத்துக்கு வந்தது. கடைசியில, நிறுவனர்கள்ல ஒருத்தரான ஆன் வோஜ்சிக்கி ஆரம்பிச்ச லாப நோக்கமில்லாத அமைப்பே 30.5 கோடி டாலருக்கு வாங்கிடுச்சு.

சட்டம் இல்லாம இல்லை. அமெரிக்காவுல 2008லயே 'ஜினா'ன்னு ஒண்ணு வந்தது. மருத்துவக் காப்பீட்டுக் கம்பெனியும் வேலை கொடுக்கிறவங்களும் மரபணுவைப் பார்த்து ஓரவஞ்சனை பண்ணக் கூடாது. ஆனா ஆயுள் காப்பீடு அதுல அடங்காது. அதனால அங்கே சிலர் முதல்ல பாலிசி, அப்புறம்தான் டெஸ்ட்.

நம்ம ஊர்ல? அந்தரங்கம் அடிப்படை உரிமைன்னு 2017 ஆகஸ்ட்ல உச்ச நீதிமன்றத்தோட ஒன்பது நீதிபதிகள் ஒரே குரல்ல சொன்னாங்க. 2018ல, 'மரபணு நோய்'னு பொத்தாம் பொதுவா காரணம் காட்டி காப்பீட்டை மறுக்கிறது அரசியல் சட்டத்துக்கே விரோதம்னு டெல்லி உயர் நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. 2019 மசோதாவுல மரபணு விவரத்துக்கு 'நுண்ணிய தகவல்'னு தனி இடம் இருந்தது. 2023ல சட்டமா வந்தப்ப அந்தப் பிரிவே காணோம், எல்லாத் தகவலும் ஒரே தட்டுல! விதிகள் 2025 நவம்பர்லதான் வந்தது. முக்கியமான கடமைகளுக்கு 18 மாசம் அவகாசம் வேற.

நிற்க. இதையெல்லாம் நான் தேடிப் படிச்சதுக்குக் காரணம் எங்க சித்தி.

போன வருஷம் அவங்களுக்கு ஒரு வியாதி. பேர் வேண்டாமே. டாக்டர் மரபணு டெஸ்ட் எடுக்கச் சொன்னார், கோளாறு இருக்குன்னு வந்தது. பிள்ளைகளுக்குப் போக பாதிக்குப் பாதி வாய்ப்பு. கூடப்பிறந்தவங்களுக்கும் இருக்கலாம், சொல்லிடுங்கன்னு டாக்டர் சொல்லி அனுப்பினார். கூடப்பிறந்தவங்கன்னா பெரியம்மாவும் எங்க அம்மாவும்.

சித்தப்பா ஒத்துக்கலை. "டேய், பொண்ணு ஜாதகம் நாலு இடத்துல சுத்திக்கிட்டு இருக்கு. இது தெரிஞ்சா ஒருத்தன் வாசப்படி மிதிப்பானா?" அவர் பயத்துல தப்பு சொல்ல முடியலை. செவ்வாய் தோஷத்துக்காவது பரிகாரம் இருக்கு. இன்சூரன்ஸ்காரன் மறுத்தா கோர்ட்டுக்காவது போகலாம், சம்பந்தி வீட்டுக்காரங்க கேட்டா? ரிப்போர்ட்டை ஒரு மாமா குடும்ப வாட்ஸ்அப் குரூப்புல தட்டி விட்டா, 2023 சட்டத்தை வெச்சு அவரைப் பிடிக்கிறதும் கஷ்டம். தனி ஆள் சொந்த, வீட்டு விஷயத்துக்காகக் கையாளுற தகவலுக்கு அது பொருந்தாதாம்.

அதே சமயம், பெரியம்மாகிட்ட மறைச்சா? முன்கூட்டியே பார்த்தா காப்பாத்தக்கூடிய வியாதி இது. சித்தியோட ரகசியம் பெரியம்மாவோட உயிராவும் இருக்கு. 'தகவலுக்கு உரியவர்' ஒருத்தர்தான்னு சட்டம் எழுதினவங்க, கூட்டுக் குடும்பம் மாதிரி இருக்கிற இந்த டிஎன்ஏவை யார் பேர்ல பட்டா போடுவாங்க?

சித்தியே முடிவெடுத்தாங்க. அக்கா ரெண்டு பேரையும் தனித்தனியா கூப்பிட்டு வாயால சொன்னாங்க, காகிதம் எதுவும் அனுப்பலை. தங்கச்சி இன்னும் தெளிவு. "டெஸ்ட் எடுக்கிறதும் எடுக்காததும் என் இஷ்டம். கட்டிக்கப் போறவன்கிட்ட நானே சொல்லிக்கிறேன், புரோக்கர்கிட்ட யாரும் பேச வேண்டாம்"னுட்டா. சித்தப்பா ரெண்டு நாள் சாப்பிடலை, அப்புறம் சாப்பிட்டார்.

எனக்கு இது நியாயமா படுது. தெரிஞ்சே ஆக வேண்டியவங்களுக்கு மட்டும், சொல்ல வேண்டியவங்க வாயால. இதை எழுதறதுக்கும் ரெண்டு பேர்கிட்டயும் கேட்டுக்கிட்டேன்.

அம்மாவுக்கு அடுத்த மாசம் டெஸ்ட். அவங்களுக்கு இருந்தா எனக்கும் பாதி வாய்ப்பு. "ரிசல்ட் வந்தா உனக்குச் சொல்லணுமாடா, வேண்டாமா?"ன்னு நேத்து போன்ல கேட்டாங்க. யோசிச்சு சொல்றேன்னு இருக்கேன். நீங்களா இருந்தா என்ன சொல்லுவீங்க?