சட்டத்தில் இல்லாத சொல்

சட்டம் படிக்கும் பேத்தி போன வாரம் விடுமுறைக்கு வந்திருந்தாள். "தாத்தா, பத்திரிகைச் சுதந்திரம் அரசியல் சட்டத்துல எங்க இருக்கு?" என்று கேட்டாள். "19ஆம் பிரிவு" என்றேன் பெருமையாக. "எடுத்துக் காட்டுங்க" என்றாள். புரட்டிப் பார்த்தால் பேச்சுரிமை, கருத்துரிமை இருக்கிறது. பத்திரிகை என்ற சொல்லே இல்லை!

அவளே விளக்கினாள். அரசியல் நிர்ணய சபையில் 1948 டிசம்பரில் இந்தக் கேள்வி வந்தபோது, தனியாக எழுதத் தேவையில்லை என்றாராம் அம்பேத்கர். பத்திரிகை ஆசிரியரும் ஒரு குடிமகன்தான்; குடிமகனுக்குள்ள உரிமையில்தான் அவர் எழுதுகிறார் என்பது அவர் வாதம்.

அதற்கு முதல் சோதனை நம் மாகாணத்திலிருந்தே வந்தது. அப்போது திண்டுக்கல் மதுரை மாவட்டத்தில், சென்னை ராஜ்யத்தில் இருந்தது. ரொமேஷ் தாப்பர் பம்பாயில் நடத்திய 'கிராஸ் ரோட்ஸ்' என்ற ஆங்கில வார இதழ் இங்கே நுழையக்கூடாது என்று சென்னை அரசு 1950 மார்ச் 1ஆம் தேதி தடை போட்டது. குடியரசாகி ஐந்து வாரம்கூட ஆகவில்லை. மே 26ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை ரத்து செய்தது. தீர்ப்பை எழுதியவர் சென்னையில் வக்கீலாக இருந்த பதஞ்சலி சாஸ்திரி. அச்சடித்தால் போதாது, வாசகன் கைக்குப் போய்ச் சேருவதும் கருத்துரிமைதான் என்பது அதன் சாரம். மறு வருஷமே முதல் திருத்தம் வந்தது. 'பொது ஒழுங்கு' கருதிக் கட்டுப்பாடு போடலாம், ஆனால் அது நியாயமானதாக இருக்க வேண்டும் என்று எழுதினார்கள்.

கேட்டுக்கொண்டிருந்த எனக்கு எங்கள் தெரு டீக்கடை ஞாபகம் வந்தது. 1973 திண்டுக்கல் இடைத்தேர்தல் சமயம் அங்கே ஒருவர் பேப்பரைச் சத்தமாக வாசிப்பார், பத்துப் பேர் சண்டை போடுவோம். இரண்டே வருஷத்தில் நெருக்கடி நிலை, தணிக்கை. பேப்பர் வழக்கம்போல வந்தது, செய்திதான் வரவில்லை. கடைக்காரர் "மனசுக்குள்ள வாசிங்கண்ணே" என்று மெதுவாகச் சொன்னார். நாங்களும் டீயைக் குடித்துவிட்டு, பேசாமல் எழுந்து போனோம்.

அதைச் சொன்னபோது பேத்தி, "தணிக்கை பேப்பருக்குத்தானே தாத்தா, நீங்க ஏன் பேசலை?" என்றாள்.

ஐம்பது வருஷம் ஆகிவிட்டது. அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை, இன்றைக்கும் இல்லை. அம்பேத்கர் சொன்னது இப்போதுதான் புரிகிறது. அந்த உரிமை பேப்பர்காரருடையது மட்டுமல்ல, என்னுடையதும்தான்.