கையளவு

2024ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில், அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் டெட்ராய்ட் நகரை அடுத்துள்ள டியர்பார்னில் என் மகள் வீட்டில் தங்கியிருந்தேன். நோன்புப் பெருநாள் கழிந்து இரண்டு வாரங்கள் ஆகியிருந்தன. ஒரு வியாழக்கிழமை இரவு எட்டு மணி. அந்நாட்டில் அப்பருவத்தில் அது இருட்டும் நேரம் அன்று; மஃரிபுக்கே இன்னும் சற்றுப் பொழுது இருந்தது. என் பேரன், பதினான்கு வயதினன், தொலைக்காட்சியின் முன் அசையாமல் அமர்ந்திருந்தான். திரையில் கடல்போல் மக்கள். மேடையில் ஒருவர் ஏறி ஒரு பெயரைச் சொல்ல, கூட்டம் ஆர்ப்பரித்தது.

"இறுதி ஆட்டமா, தம்பி?" என்றேன்.

"ஆட்டமே இல்லை நன்னா. ஆள் எடுக்கிறாங்க."

ஆள் எடுப்பதைக் காண மூன்று நாட்களில் ஏழே முக்கால் இலட்சத்துக்கும் மேற்பட்டோர் டெட்ராய்ட்டில் திரண்டார்கள் என்று பின்னர் செய்தியில் அறிந்தேன். ஆட்டமே இல்லாத ஓர் ஆட்டத்துக்கு இத்துணைக் கூட்டமா என்ற வியப்பே என்னை அவனருகில் உட்கார வைத்தது.

அமெரிக்கர் ஃபுட்பால் என்பது நாம் அறிந்த கால்பந்து அன்று. இருமுனையும் கூர்ந்த, பதினோர் அங்குல நீளமுள்ள தோற்பந்தைக் கையில் ஏந்தியும் எறிந்தும், நூறு கஜக் களத்தில் பதினொருவர் பதினொருவராக மோதும் ஆட்டம் அது. குவார்ட்டர்பேக் என்பவரே அதன் மூளை. தம் அணியினர் அரணாக நிற்க, அவர் பின்னின்று பந்தை வாங்குகிறார். மலைபோன்ற எதிரிகள் அரணை உடைத்துக்கொண்டு வருவதற்குள், ஏறத்தாழ இரண்டரை வினாடியில், ஓடிக்கொண்டிருக்கும் தோழர்களில் யாருக்கு எறிவது என்று முடிவெடுத்து எறிந்தாக வேண்டும். ஓர் அணியின் ஆண்டுகள் பல அவர் ஒருவரால் வாழும். அவர் ஒருவரால் வீழும்.

இவர்கள் கல்லூரிகளில் ஆடிப் பழகுகிறவர்கள். அங்கிருந்து தொழில்முறை அணிகள் ஆண்டுதோறும் இவர்களைத் தேர்ந்தெடுப்பதே டிராஃப்ட். அணிகள் 32, சுற்றுகள் ஏழு. சென்ற ஆண்டு மிக மோசமாகத் தோற்ற அணிக்கே முதல் உரிமை. வல்லவன் மேலும் வல்லவனாகக் கூடாது என்னும் இந்த ஏற்பாடு 1936இலிருந்து நடந்து வருகிறது. முதலாளித்துவ நாட்டில் இப்படியொரு பங்கீட்டு முறை இருப்பது எனக்குச் சிரிப்பையே தந்தது.

தேர்வுக்கு முன் இளைஞர்களை இண்டியானாபோலிஸ் நகருக்கு வரவழைத்துச் சோதிக்கிறார்கள். உயரம், எடை, நாற்பது கஜத்தை எத்தனை வினாடியில் ஓடுகிறார் என்பன எல்லாம் அளக்கப்படுகின்றன. பன்னிரண்டு நிமிடத்தில் ஐம்பது வினாக்கள் கொண்ட அறிவுத் தேர்வு ஒன்றும் நெடுங்காலம் இருந்தது, 2022இல் கைவிட்டார்கள். இவற்றுள் என்னைக் கவர்ந்தது கையளவு. விரல்களை அகல விரித்து மேசைமேல் வைத்தால், கட்டைவிரல் நுனியிலிருந்து சுண்டுவிரல் நுனிவரை எத்தனை அங்குலம்? மழையிலும் பனியிலும் பந்து நழுவாமலிருக்கப் பெரிய கை வேண்டும் என்பது கணக்கு. 2020இல் ஜோ பர்ரோ என்பவரின் கை ஒன்பது அங்குலமே இருந்தது பெரும்பேச்சானது. ஆயினும் முதலாமவராகவே எடுக்கப்பட்டார். இரண்டாம் ஆண்டிலேயே சின்சினாட்டி அணியைச் சூப்பர் பௌல் இறுதியாட்டம் வரை கொண்டுபோனார்.

அளவைகளைவிடப் பெரிது கண். அணிகளின் ஆய்வாளர்கள் கல்லூரி ஆட்டப் படங்களை ஓட்டி ஓட்டிப் பார்க்கிறார்கள். பந்து போய்ச் சேர்ந்ததா என்பது மட்டும் அவர்கள் கேள்வி அன்று. பிடிப்பவர் ஓட்டம் தடைப்படாமல் பிடிக்கும் இடத்தில் விழுந்ததா? முதல் தோழருக்கு வழி அடைபட்டபோது எறிபவரின் கண் இரண்டாமவரிடமும் மூன்றாமவரிடமும் சென்றதா, அல்லது அச்சத்தால் கால் முந்திக்கொண்டதா? இதிலும் ஒரு சிக்கல் உண்டு. கல்லூரி ஆட்டமும் தொழிலாட்டமும் பெயரளவில் ஒன்றே. கல்லூரியில் எதிரிகளின் ஆற்றல் ஏற்றத்தாழ்வானது. பிடிப்பவர் தனித்து நிற்பதைக் கண்டபின் எறியலாம். தொழிலாட்டத்தில் அவர் தனித்து நிற்கப்போகும் இடத்தை முன்னுணர்ந்து, அவர் அங்கே சேருமுன்னரே எறிய வேண்டும். அந்த முன்னுணர்வு ஒருவரிடம் உண்டா என்பதை, அது தேவைப்படாத ஆட்டத்தைப் பார்த்து எப்படி அறிவது?

1998இல் பேட்டன் மேனிங், ரையன் லீஃப் என்னும் இருவரில் யார் சிறந்தவர் என்று நாடே வழக்காடியது. இண்டியானாபோலிஸ் மேனிங்கை முதலாவதாகவும், சான் டியேகோ லீஃபை இரண்டாவதாகவும் எடுத்தன. லீஃபின் ஆட்ட வாழ்வு சில ஆண்டுகளில் முடிந்தது. மேனிங் ஐந்து முறை ஆண்டின் சிறந்த வீரரானார். இதைச் சொல்வோர் ஒன்றை விட்டுவிடுகிறார்கள்: முதலாண்டில் மேனிங் எறிந்தவற்றில் 28 பந்துகள் எதிரிகளின் கையில் சிக்கின. புதிய வீரர் எவரும் அதுவரை அத்தனை பறிகொடுத்ததில்லை. அவ்வாண்டோடு கணக்கை முடித்திருந்தால் அவரும் தோற்றவரே. அவரைப் பொறுத்திருந்தார்கள்.

இனி டாம் பிரேடி. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஆடியவர் ஆதலால் இங்குள்ளோர் அவரைத் தம் வீட்டுப் பிள்ளையாகவே பேசுகிறார்கள். கல்லூரியின் கடைசி ஆண்டில்கூட அவர் தம் இடத்தை இளையவர் ஒருவரோடு பகிர்ந்துகொள்ள நேர்ந்தது. 2000ஆம் ஆண்டுச் சோதனையில் நாற்பது கஜத்தை 5.28 வினாடியில் ஓடினார். தளர்நடை என்றே சொல்லலாம். உடல் மெலிவு, எறியும் கையில் வன்மை குறைவு என்று எழுதினார்கள். ஆறு குவார்ட்டர்பேக்குகள் அவருக்கு முன் எடுக்கப்பட்டனர். ஆறாம் சுற்றில் 199ஆவது பெயராக நியூ இங்கிலாந்து அணி அவரை எடுத்தது. அவர் வென்ற சூப்பர் பௌல்கள் ஏழு.

(நம் வாசகர்களுக்கு இடையில் ஒரு செய்தி. 2014 செப்டம்பரில் இந்தப் பிரேடி எறிந்த பந்தை இடைமறித்துப் பிடித்து ஓடி எல்லையைத் தொட்டவர் கான்சாஸ் சிட்டியின் ஹுசைன் அப்துல்லாஹ். தொட்ட இடத்திலேயே மண்டியிட்டு ஸஜ்தா செய்தார். மிகையான கொண்டாட்டம் என்று நடுவர் தண்டனை விதித்தார்; அது தவறு என்று மறுநாள் லீக் ஒப்புக்கொண்டது. ஹஜ்ஜுக்காக 2012ஆம் ஆண்டு ஆட்டம் முழுவதையும் விட்டுக்கொடுத்தவர் அவர். 2008 டிராஃப்டில் அவரை எந்த அணியும் எடுக்கவில்லை.)

பிரேடியின் கதையைச் சொல்லி, தேர்வாளர்கள் மூடர்கள் என்று முடித்துவிடுவது எளிது. என் பேரனும் அப்படித்தான் முடித்தான். எனக்கு உடன்பாடில்லை. ஆறாம் சுற்றில் எடுக்கப்பட்ட குவார்ட்டர்பேக்குகளில் பெரும்பாலோர் ஆறாம் சுற்றுக்குரியவர்களாகவே இருந்து மறைந்தார்கள். அது மட்டுமன்று. 2001 செப்டம்பரில் அவ்வணியின் முதன்மை வீரர் டிரூ பிளெட்சோ கடுமையாக அடிபட்டதால்தான் பிரேடிக்குக் களம் கிடைத்தது. அந்த அடி விழாதிருந்தால்? அடி விழாததனால் பெஞ்சிலேயே இருந்து போன பிரேடிகள் எத்தனை பேர்? அதற்குக் கணக்கே இல்லை. கேட் மாஸி, ரிச்சர்டு தேலர் என்னும் ஆய்வாளர்கள் டிராஃப்டைப் பல்லாண்டுக்கு ஆராய்ந்தார்கள். முன்னர் எடுக்கப்பட்டவர், அதே இடத்துக்கு அடுத்து எடுக்கப்பட்டவரைவிடச் சிறந்து விளங்கும் வாய்ப்பு ஏறத்தாழ 52 விழுக்காடே என்பது அவர்கள் கண்டது. காசைச் சுண்டிப் பார்ப்பதைவிடச் சற்றே மேல்.

கணிப்பில் பிழைப்பது வேறு. காண மறுப்பது வேறு. 1978 ஜனவரியில் ரோஸ் பௌல் ஆட்டத்தில் இதே மிச்சிகன் அணியைத் தோற்கடித்து, ஆட்ட நாயகராகவும் விளங்கியவர் வாரன் மூன் என்ற கறுப்பர். அவ்வாண்டு டிராஃப்டில் பன்னிரண்டு சுற்றுகள். ஒரு சுற்றிலும் அவர் பெயர் இல்லை. மூளைக்குரிய அவ்விடத்துக்குக் கறுப்பர் ஆகார் என்ற எண்ணம் அந்நாளில் ஆழ வேரோடியிருந்தது. இடத்தை மாற்றிக்கொள் என்றே அவர்களுக்கு அறிவுரை கூறப்பட்டது. மூன் இடத்தை மாற்றவில்லை, நாட்டை மாற்றினார். கனடாவின் எட்மண்டன் அணிக்கு ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து கோப்பை வென்று தந்து, 1984இல் ஹூஸ்டன் அணிக்குத் திரும்பி வந்தார். 2006இல் புகழ் மண்டபத்தில் இடம்பெற்ற முதல் கறுப்புக் குவார்ட்டர்பேக் அவரே. அதோடு தீர்ந்ததா? 2018இலும் லாமர் ஜாக்சனைப் பார்த்து, பிடிப்பவராக மாறலாமே என்று சொன்னவர்கள் இருந்தார்கள். முதற்சுற்றின் கடைசிப் பெயராக, 32ஆவதாக எடுக்கப்பட்ட அவர், அடுத்த ஆண்டே ஒருமனதாகச் சிறந்த வீரரானார்.

இவற்றையெல்லாம் பேரன் சொல்லச் சொல்ல, என் மனம் வேறோர் அறைக்குப் போய்விட்டது. நான் ஒரு கல்லூரியில் தமிழ் கற்பித்தவன். ஆசிரியர் தேர்வுக் குழுக்களில் பலமுறை அமர்ந்தவன். 1986இல் ஒரு நேர்காணல். கடற்கரை ஊர் ஒன்றிலிருந்து மெலிந்த இளைஞர் ஒருவர் வந்தார். சீறாப்புராணத்தில் அவருக்கிருந்த பயிற்சியைக் கண்டு உள்ளூர வியந்தேன். ஆனால் குரல் தாழ்ந்த குரல். அறுபது மாணவர் கொண்ட வகுப்பில் கடைசி வரிசைக்கு எட்டுமா? மதிப்பெண் தாளில் "குரல் போதாது" என்று எழுதினேன். குழுவில் மற்றவர்களும் அதை ஏற்றார்கள். கால் மணி நேரத்தில் அவர் வெளியே போனார்.

தேர்ந்தெடுக்கப்பட்டவர் குறையொன்றும் இல்லாமல் பணியாற்றி ஓய்வு பெற்றார். ஆகவே நாங்கள் தவறிழைத்தோம் என்று சொல்லச் சான்று இல்லை. மெலிந்த இளைஞர் பின்னாளில் பேரறிஞராகி எங்களை நாணச் செய்தார் என்று எழுதினால் கட்டுரைக்கு அழகாக இருக்கும். அப்படி எதுவும் நடக்கவில்லை. அதன்பின் அவரைப் பற்றி நான் கேள்விப்படவே இல்லை. குரல் வேண்டும் என்பதும் பொய்யான அளவுகோல் அன்று, பந்துக்குக் கை வேண்டும் என்பதைப் போல. ஆனால் இத்தனை ஆண்டுகளுக்குப் பின் என்னை உறுத்துவது ஒன்று. அவர் கூறிய ஒவ்வொரு சொல்லும் எனக்குத் தெளிவாகவே கேட்டது. அறையில் எல்லாருமே பேச்சை நிறுத்திவிட்டு அவரைக் கேட்டுக்கொண்டிருந்தோம். அதை நான் தாளில் எழுதவில்லை. எழுத அதில் கட்டமும் இல்லை.

அவ்விரவு முதல் பன்னிரண்டு பெயர்களில் ஆறு குவார்ட்டர்பேக்குகளின் பெயர்கள். ஆறாவது பெயர் வருமுன் நான் தொழுது முடித்து வந்திருந்தேன். பேரனும் தன் பள்ளி அணியில் அவ்விடத்தையே விரும்புகிறவன். டியர்பார்னில் இது புதிதன்று. அங்குள்ள ஃபோர்ட்சன் உயர்நிலைப் பள்ளியில் ஆடுவோர் பெரும்பாலும் அரபு வழி முஸ்லிம் பிள்ளைகள்; ரமலான் ஆகஸ்டில் வந்த ஆண்டுகளில் நோன்பை விடாமல் இரவெல்லாம் பயிற்சி செய்தவர்கள். அவர்களைப் பற்றி 2011இல் ஓர் ஆவணப்படமே வெளிவந்தது. என் பேரனின் பள்ளி வேறு. அங்கே பயிற்சியாளர் அவனைப் பந்து பிடிக்கும் இடத்துக்கு மாற்றலாமா என்று யோசிப்பதாக என் மகள் தாழ்ந்த குரலில் சொன்னாள்.

மறுநாள் மாலை அவன் அளவுகோலும் கையுமாகச் சாப்பாட்டு மேசையில் இருந்தான். விரல்களை வலிக்குமளவு விரித்து வைத்திருந்தான். எட்டேகால் அங்குலம்.

"நன்னா, உங்க கையை வைங்க."

வைத்தேன். எட்டு. அவன் கொஞ்ச நேரம் இரண்டு கைகளையும் பார்த்தான். பிறகு பந்தை எடுத்துக்கொண்டு, "வாங்க, நான் எறியறேன், நீங்க பிடிங்க" என்று புல்வெளிக்கு அழைத்துப் போனான். முதல் இரண்டையும் தவறவிட்டேன். மூன்றாவது, நான் ஓரடி எடுத்து வைப்பதற்கு முன்பே அவன் கையை விட்டிருந்தது. என் மார்பில் வந்து தங்கியது.