கால் முளைத்த கார்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. நியாலாஸில் பெரியம்மா வீட்டு விருந்தை முடித்துக்கொண்டு ஜாசின் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தேன். செம்பனைத் தோட்டத்து ஓரத்தில் பின் டயர் பஞ்சர். மழை அப்போதுதான் விட்டிருந்தது. வானொலியில் மணிக்கணக்காகப் பேசுகிறவள், ஜாக்கியைக் கையில் பிடித்தபடி பேச்சற்று நின்றேன்.

அப்பாவுக்குப் போன் போட்டேன். எங்கே இருக்கிறாய் என்றுகூடக் கேட்கவில்லை. "ஜாக்கிக்கு அடியில பலகை வச்சியாம்மா?" என்றார்.

"எதுக்குப்பா பலகை?"

"தாத்தாவோட வலது கை ஞாபகம் இருக்கா?"

இருக்கிறது. இரண்டு விரல்கள் பாதிதான் இருக்கும். சின்ன வயதில் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டுதான் கடைக்குப் போவேன். விரல்கள் எப்படிப் போயின என்று கேட்டதே இல்லை. வீடு வந்து சேர்ந்த பிறகு அப்பா சொன்னார்.

1950களின் தொடக்கத்தில் தாத்தா தோட்டத்து டிரைவர். துரையின் காரையும் அவர்தான் ஓட்டுவார், பால் லோரியையும் அவர்தான் ஓட்டுவார். துரை வைத்திருந்தது எம்.ஜி. ஒய் வகைக் கார். 1947 முதல் 1953 வரை இங்கிலாந்தில் தயாரானது. அந்தக் காருக்கு ஜாக்கி உடம்போடு சேர்ந்தே வந்தது. அந்த அமைப்பின் பெயர் 'ஜாக்கால்'. பெயரிலேயே 'கால்' இருப்பதால் தாத்தா அதைக் 'கால் முளைக்கிற வண்டி' என்றே சொல்வாராம்.

பானெட்டைத் திறந்தால் உள்ளே ஒரு கைப் பம்பு. முன்பக்கமா, பின்பக்கமா, நான்கு சக்கரமுமா என்று திருகித் தேர்ந்தெடுத்துவிட்டு நெம்புகோலை அடிக்க வேண்டும். திரவம் குழாய்களில் ஓடி, காருக்கு அடியில் இருக்கும் உருளைகளைத் தள்ளும். அவை கால்களைப் போல நீண்டு தரையில் ஊன்ற, கார் தானாக எழும்பும். வேலை முடிந்ததும் வால்வைத் திறந்தால் போதும், இறங்கிவிடும். தாத்தா சட்டையில் ஒரு பொட்டுச் சேறு படாது.

இதன் சூட்சுமம் நாம் பள்ளியில் படித்த பாஸ்கல் விதிதான். அடைத்த திரவத்தில் ஓரிடத்தில் கொடுக்கும் அழுத்தம் எல்லா இடத்துக்கும் குறையாமல் பரவும். பம்பின் பிஸ்டன் 1 சதுர சென்டிமீட்டர், உருளையின் பிஸ்டன் 20 சதுர சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 10 கிலோ பலத்தில் அழுத்தினால் 200 கிலோவைத் தூக்கலாம். ஆனால் கார் 1 சென்டிமீட்டர் உயர, பம்பை மொத்தம் 20 சென்டிமீட்டர் தள்ள வேண்டும். பலத்தைக் குறைத்தால் பொறுமையைக் கூட்ட வேண்டும். இதே விதியை வைத்து ஜோசப் பிராமா என்ற ஆங்கிலேயர் 1795இலேயே அழுத்த இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார்.

வடிவமைத்தவர்களுக்கு வேறு தலைவலிகள் இருந்தன. உருளையைக் காரின் சட்டத்தில் பொருத்தினால், முதலில் ஸ்பிரிங் விரியும், பிறகுதான் சக்கரம் மேலே வரும். அச்சிலேயே பொருத்தினால் சக்கரம் உடனே எழும்பும். ஆனால் அச்சு தரைக்கு அருகில் இருப்பதால் கல்லும் சேறும் உருளையில் மோதும். ஒரு சொட்டுக் கசிந்தாலும் தூக்கிய வண்டி மெல்ல இறங்கிவிடும்.

இந்த வசதி பணக்காரர்களின் கார்களிலும் இருந்தது. 1936 முதல் 1939 வரை வந்த 12 சிலிண்டர் ரோல்ஸ் ராய்ஸ் ஃபேன்டம் 3இல் ஓட்டுநர் பகுதியிலிருந்தே ஜாக்கியை இயக்கலாம். 1964இல் வந்த 'கோல்ட்ஃபிங்கர்' ஜேம்ஸ் பாண்ட் படத்தில் வில்லன் வைத்திருந்தது அந்தக் கார்தான்.

இனி தாத்தாவின் விரல்களுக்கு வருகிறேன். ஒரு மழைநாளில் வெட்டுக்காட்டுச் செம்மண் சாலையில் பால் லோரியின் டயர் வெடித்தது. கார் என்றால் பானெட்டைத் திறந்திருப்பார். லோரிக்குக் கை ஜாக்கிதான். அவசரத்தில் ஈர மண்ணிலேயே வைத்துத் தூக்கினார். சக்கரத்தைக் கழற்றும்போது ஜாக்கி மண்ணில் புதைந்து சரிந்தது.

"துரை காருக்குக் கால் இருந்துச்சு, நம்ம லோரிக்கு ஒரு பலகைகூட இல்லை" என்று தாத்தா ஒரே ஒரு முறை சொன்னாராம். அதன் பிறகு ஓய்வு பெறும்வரை, எந்த வண்டியில் ஏறினாலும் சீட்டுக்குப் பின்னால் ஒரு பால்மரப் பலகை வைத்திருந்தார்.

ரப்பர் வெட்டியது நம் ஆட்கள். அது டயராகித் திரும்பி வந்தபோது, பஞ்சரானால் மண்டியிட்டதும் நம் ஆட்கள்தான். ஓர் அருமையான கண்டுபிடிப்பு இருக்கிறது என்பதால் மட்டும் அது தேவைப்படுகிறவரிடம் போய்ச் சேர்ந்துவிடாது. அதை அன்றுதான் புரிந்துகொண்டேன்.

பின்னாளில் டயர்கள் உறுதியாகின, சாலைகள் சீராகின. விலையும் எடையும் கூடிய அந்தக் கால்கள் சாதாரணக் கார்களிலிருந்து மறைந்துவிட்டன. லெ மான் போன்ற பந்தயங்களில் மட்டும், காற்றழுத்தத்தில் இயங்கும் உருளைகள் காரை நொடியில் தூக்குவதை இன்றும் பார்க்கலாம். நம் கார்களில் பலவற்றில் இப்போது ஸ்பேர் டயரே இல்லை.

அதனால் வாசகர்களே, இன்றே உங்கள் காரின் பின்பக்கத்தைத் திறந்து பாருங்கள். ஜாக்கி இருக்கிறதா, ஸ்பேர் டயரில் காற்று இருக்கிறதா? வண்டி ஜாக்கியில் நிற்கும்போது அடியில் தலையையோ கையையோ நீட்டாதீர்கள்.

என் காரில் இப்போது ஒரு பலகை இருக்கிறது. அப்பா அறுத்துக் கொடுத்தது.